உ-வுக்குப் பின்னால் ஒரு புள்ளி

1

இன்று காலை டோ மியா கூப்பிடாமல் படியேறிவிட்டார்.

ஊரில் இருக்கும் உங்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்றுதான் தோன்றும். ஒரு அம்மாள் தெரிந்த வீட்டுக்கு வருகிறார், கீழேயிருந்து குரல் கொடுக்கவில்லை, அவ்வளவுதானே? ரங்கூனில், இந்தச் சமயத்தில், எங்கள் வீட்டில் அது அவ்வளவுதான் இல்லை.

டோ மியா அடுத்த தெருவில் பானைக் கடை வைத்திருக்கும் பர்மாக்காரர். 'டோ' என்பது இங்கே வயதான பெண்களுக்கு மரியாதைக்காகப் பெயருக்கு முன் சேர்ப்பது. ஆண்களுக்கு 'ஊ'. இந்த ஊ-வைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும். டோ மியாதான் எங்கள் கடைக்குப் பதிவு பெற்ற ஏஜெண்டு. அரசாங்கத்திலிருந்து எங்கள் கடைக்கு எந்தக் காகிதம் வந்தாலும் அவர் விலாசத்துக்குத்தான் போகும். அவர் அதை வாங்கி எங்களிடம் கொண்டுவருவார்.

அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். சும்மா வந்தால் படிக்குக் கீழே நின்று, "ஊ சவரிமுத்து! நீ சாப்பிட்டே?" என்று அவருக்குத் தெரிந்த தமிழில் கூவுவார். காகிதத்தோடு வந்தால் கூவமாட்டார்.

ஒரு வருஷமாகக் கூவிக்கொண்டே வந்தார். இன்று செருப்புச் சத்தம் மட்டும் வந்தது.

அக்கா அடுப்பைத் தணித்தாள். அத்தான் தகரப்பெட்டியைத் திறந்து, வெளிநாட்டார் பதிவுப் புத்தகங்களை மேஜைமேல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். அவர்கள் மகள் ரோஸி, யாரும் சொல்லாமலே, பள்ளிக்கூடச் சப்பாத்தை மாட்டிக்கொண்டாள். இன்று ஞாயிற்றுக்கிழமை. நான் அச்செழுத்துக் கோத்துக்கொண்டிருந்தேன். இடுக்கியிலிருந்து ஒரு எழுத்து கீழே விழுந்து உருண்டது. எந்த எழுத்து என்று சொன்னால் கதை கட்டுகிறான் என்பீர்கள், சொல்லவில்லை.

எங்கள் வீட்டுப் படி செங்குத்தானது. அவருக்கு முழங்கால் வலி வேறு. அவர் ஏறி வருவதற்குள் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

2

பாளையங்கோட்டையில் பி.ஏ. முடித்துவிட்டு, வாத்தியார் வேலைக்கு மனுப்போடச் சொன்ன அப்பாவிடம் சண்டைபோட்டுக்கொண்டு கப்பலேறியவன் நான். அப்போது இங்கே ராணுவ ஆட்சி வரவில்லை. அக்காவின் புருஷன் சவரிமுத்து அத்தானுக்கு ரப்பர் ஸ்டாம்பு செய்யும் கடை. முன்னறை கடை, பின்னறை வீடு. எழுத்துக் கோத்து, மாவில் அச்செடுத்து, ரப்பரை அதில் வைத்துத் திருகாணியால் இறுக்கி வேகவைத்து, மரக்கைப்பிடியில் ஒட்டிக் கொடுப்போம். 'பெற்றுக்கொண்டோம்', 'ரத்து', 'அவசரம்' எல்லாம் எங்கள் அடுப்பில் வெந்து போனவைதாம்.

ஆட்சி மாறியதும் எங்களுக்கு வேலை கூடிவிட்டது. சந்தோஷப்படும்படியான வேலையில்லை. எந்தக் கடையின் பலகை மாறினாலும் அதற்குப் புது ஸ்டாம்பு வேண்டும். பெரிய வங்கிகள் அரசாங்கத்தின் கைக்குப் போயின, பிறகு பெரிய கடைகள். பெயர் போய் நம்பர் வந்தது. நேற்றுவரை நமக்கு வணக்கம் சொன்ன முதலாளியின் பெயரைப் பிரித்தெடுத்துவிட்டு அதே சட்டத்தில் ஒரு நம்பரைக் கோப்போம். அத்தான் அந்த வேலையின்போது பேசமாட்டார். ஒரு தரம் மட்டும், "மாப்ளே, நம்ம பேர யாரு கோப்பாங்க?" என்று கேட்டார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் உத்தரவு வந்தது. வெளிநாட்டார் நடத்தும் சின்னக் கடைகள் எல்லாம் இந்நாட்டுப் பிரஜை ஒருவரின் பெயரையும் விலாசத்தையும் பதிவு செய்யவேண்டும். அவரிடம் காகிதம் கொடுத்தால் நம்மிடமே கொடுத்ததற்குச் சமம். கெடுவுக்குள் பதில் போகாவிட்டால் உரிமம் போச்சு. உரிமம் போனால் அத்தானுக்கு இங்கே இருக்கக் காரணமில்லை. நால்வரும் கப்பல்தான்.

எனக்குக் கப்பல் பெரிய விஷயமில்லை, வந்த வழியே திரும்பிப் போகிறவன். ரோஸிக்கு அப்படியில்லை. அவள் இங்கே பிறந்தவள். ஜெபமாலையைத் தமிழில் சொல்வாள், மணியைப் பர்மியில் எண்ணுவாள். அத்தான் உத்தரவைத் தமிழாக்கி அக்காவுக்குப் படித்துக் காட்டியபோது குறுக்கே என்னிடம் கேட்டாள்:

"அந்நியர்னா யாரு மாமா?"

"நாமதான்."

"நானுமா?"

அக்கா, "போய்ப் படி" என்றாள்.

3

ஏஜெண்டு பிடிக்கும் வேலையை நான் ஏற்றுக்கொண்டேன். புது வேலை என்றால் எனக்குக் கால் தரையில் நிற்காது. கோர்ட்டுக்குப் பக்கத்தில் இதற்கென்றே ஆபீஸ் போட்டிருந்தவர் கோ தெய்ன். தமிழர் தெருவில் வளர்ந்தவர், என்னைவிடச் சுத்தமாகத் தமிழ் பேசுவார். நம் ஆட்கள் அவரைக் 'கோத்தேன்' என்பார்கள், பேச்சும் அப்படித்தான் இனிக்கும்.

அவர் ஆபீசைப் பார்த்ததும் மயங்கிவிட்டேன். சுவர் முழுக்கப் பெயர்ப்பலகைகள். தையல் கடை, சோடாக் கம்பெனி, குடைக் கம்பெனி, எல்லாவற்றுக்கும் அந்த ஒரு விலாசம்தான். தட்டச்சு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. எனக்குத் தேநீர் வந்தது. கோப்பையை வைக்க இடமில்லாமல் அவர் ஒரு பழுப்பு உறைமேல் வைத்தார். எடுத்தபோது வட்டமாகக் கறை. உறையின்மேல் யாருடைய கடைப் பெயரோ இருந்தது. அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"உங்க தெருக் கடை ரெக்கார்டெல்லாம் போன வாரமே பார்த்துட்டேன் தம்பி," என்றார். "உங்களுக்கு ஏஜெண்டே தேவையில்லை."

"ஏன்?"

"ரிஜிஸ்தர்ல முதலாளி பேரு என்னன்னு நினைக்கிறீங்க? ஊ சவரிமுத்து. பர்மாக்காரர் கடைன்னு கணக்கு."

எனக்குச் சட்டென்று விளங்கியது. அத்தானின் அப்பா பெயர் உபகாரம். நம் வழக்கப்படி அத்தான் உ. சவரிமுத்து. ஆங்கிலத்தில் போட்டால் U, புள்ளி, பிறகு பெயர். வருஷா வருஷம் மனுவில் குத்திய எங்கள் கடை ஸ்டாம்பில் அந்தப் புள்ளி தேய்ந்து விழுந்துவிட்டிருக்கிறது. ரப்பரில் முதலில் போவது புள்ளிதான், வருகிறவர்களுக்கெல்லாம் நாங்களே சொல்வோம். ஊருக்கெல்லாம் ஸ்டாம்பு மாற்றிக் கொடுக்கும் அத்தான் தன் ஸ்டாம்பை மாற்றவில்லை. குமாஸ்தா U-வைப் பார்த்தார், ஊ என்று பர்மியில் எழுதிக்கொண்டார். பாளையங்கோட்டை உபகாரம் ரங்கூனில் மரியாதைச் சொல்லாகிவிட்டார்.

"ஆனா வெளிநாட்டார் பதிவுல அத்தான் இந்தியர்னுதானே இருக்கு?"

"அது வேற ஆபீஸ் தம்பி. ரெண்டும் பேசிக்காது. பேசிக்காம நான் பாத்துக்கறேன். மாசா மாசம் என்னைக் கவனிச்சுக்குங்க."

துள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

4

நான் சொல்லி முடித்ததும் அத்தான் கடை ஸ்டாம்பை எடுத்து ஒரு காகிதத்தில் குத்தினார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். புள்ளி இருந்த இடத்தை நகத்தால் தடவினார்.

"நல்லதுதானே அத்தான்? கேக்காமலே பிரஜையாயிட்டீங்க!"

"ஏலே, வாய மூடு," என்றார். "அந்த ரெண்டு ஆபீசும் ஒருநாள் ஒரே கட்டடத்துக்கு வந்தா? ஒரு குமாஸ்தா அங்கேருந்து இங்க மாத்தலாகி வந்தா? நான் வேணுமின்னே பர்மாக்காரன் வேஷம் போட்டேன்னுதான் சொல்வான். அப்புறம் கப்பல் இல்ல, ஜெயில்."

அக்கா கரண்டியோடு வந்து நின்றாள். "இத்தன நாளா யாரும் கேக்கல. அது பாட்டுக்கு இருந்துட்டுப் போவட்டும். அந்த ஒரு எழுத்துதான் நம்மளக் காப்பாத்துதுன்னு வச்சுக்கோங்க."

"காப்பாத்துதா? தலைக்குமேல கல்லு மாதிரி தொங்குது."

"இறக்கினா மட்டும்? 'ஐயா, நான் அந்நியன், என்னக் கவனிங்க'ன்னு நாமளே போய்ச் சொல்றதா? ஒரு கூறு வேணாமா உங்களுக்கு?"

இருவர் சொன்னதும் சரியாகத்தான் பட்டது, அதுதான் என்னைக் கலக்கியது. சும்மா இருந்தால் இன்றைக்குத் தப்பலாம். சொல்லிவிட்டால் நாளைக்குத் தப்பலாம். எதற்கும் உத்தரவாதம் இல்லை. அந்த நாட்களில் தெருவில் ஜீப் நின்றால் மூவரும் ஒரே சமயத்தில் பேச்சை நிறுத்துவோம். ஜீப் கிளம்பும், விட்ட வார்த்தையிலிருந்து தொடர்வோம். இப்படி ஒரு பழக்கம் வரும் என்று கப்பலேறும்போது எனக்குத் தெரியாது.

கடைசியில் அத்தானின் பயம்தான் ஜெயித்தது. "சொல்லிருவோம்," என்றார். "ஆனா அந்தத் தேன்குடம் வேணாம். வேற ஆளப் பாரு."

எனக்கும் அப்போதுதான் அந்தத் தேநீர்க் கறை ஞாபகம் வந்தது. அந்த உறைக்குரிய கடைக்காரர், காகிதம் வந்ததே தெரியாமல், எங்கோ நிம்மதியாக உட்கார்ந்திருந்திருப்பார்.

5

டோ மியாவை யோசித்தது அக்காதான். எனக்குப் பிடிக்கவில்லை. பலகையில்லை, தட்டச்சில்லை, ஆங்கிலம் தெரியாது. துவாண்டேயிலிருந்து அவர் தம்பி படகில் கொண்டுவரும் பானைகளைத் தெருவரைக்கும் அடுக்கிவிட்டு நடுவில் உட்கார்ந்திருப்பார். ஆனால் எந்த நேரம் போனாலும் அங்கேயே இருப்பார். சேவகன் காகிதம் கொண்டுவந்தால் ஆள் இல்லை என்று திரும்பிப் போகமாட்டான். அதை நான் யோசிக்கவே இல்லை.

போய் விஷயத்தைச் சொன்னேன். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டார். எவ்வளவு கொடுப்பாய் என்று கேட்பார், எனக்கு ஏதாவது ஆபத்து வருமா என்று கேட்பார் என்று இரண்டுக்கும் பதில் தயாராக வைத்திருந்தேன்.

"காயிதம் வந்தா யாருகிட்ட குடுக்கணும்?" என்றார்.

"அத்தான்கிட்டதான். கடை அவருடையதாச்சே."

"வேணாம். ஊ சவரிமுத்து நெஞ்சு சின்னது. அக்காகிட்ட குடுக்கறேன். நீயும் வேணாம், நீ ஓடும்."

'ஓடும்' என்றால் அலைவேன் என்று சொன்னாரோ, பயந்து ஓடுவேன் என்று சொன்னாரோ, இன்றுவரை நான் கேட்கவில்லை. அவர் தமிழில் மனிதர், மாடு, பானை எல்லாம் ஒன்றுதான். யாராயிருந்தாலும் 'நீ'. அத்தானுக்குக்கூட முன்னால் ஒரு ஊ, பின்னால் ஒரு நீ.

கூலி வேண்டாமாம். பானைப் படம் போட்ட ஒரு ஸ்டாம்பு போதுமாம். "எல்லாரும் டப்டப்னு குத்துது. எனக்கும் ஆசை."

6

கெடு முடிவதற்கு முன்னால் ஒரு காலையில் அத்தான், டோ மியா, நான் மூவரும் ஆபீசுக்குப் போனோம். அத்தான் சலவை லுங்கி கட்டி, மேலே கோட்டு போட்டிருந்தார். சொல்லவேண்டியதைப் பர்மியில் மனப்பாடம் செய்து வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். பல வருஷம் இருந்தும் அவர் பர்மி கடைப் பர்மிதான். பயந்துவிட்டால் அதுவும் வராது.

குமாஸ்தாவுக்கு என் வயதிருக்கும். ரிஜிஸ்தரைத் திருப்பினான். "ஊ சவரிமுத்து," என்று படித்துவிட்டு, நிமிர்ந்து அத்தானைப் பார்த்தான். மறுபடி ரிஜிஸ்தரைப் பார்த்தான். அருகில் ஒரு சிப்பாய் நின்றிருந்தான்.

அத்தான் மனப்பாடத்தை மறந்துவிட்டார். மறந்ததும், நம் எழுத்தை நாம் சொல்கிறபடியே, குறிலாக, "நான் உ இல்லை. அது என் அப்பாவுடைய உ," என்று பர்மியில் சொன்னார்.

குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்தான்.

பர்மியில் நெடிலாக 'ஊ' என்றால் ஐயா. குறுக்கி 'உ' என்று வெட்டிச் சொன்னால் முட்டை. நான் முட்டை இல்லை, அது என் அப்பாவுடைய முட்டை என்று அத்தான் ஒரு சர்க்கார் ஆபீசில், சிப்பாயின் முன்னால், கோட்டு போட்டுக்கொண்டு வாக்குமூலம் கொடுத்திருக்கிறார்.

முதலில் சிரித்தது டோ மியா. பிறகு குமாஸ்தா. பிறகு அந்தச் சிப்பாய், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு. டோ மியா கண்ணைத் துடைத்துக்கொண்டு, இந்த ஜனங்கள் அப்பா பெயரின் முதலெழுத்தைத் தன் பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்வார்கள் என்று அவர்கள் பாஷையில் விளக்கினார். "முட்டை இல்லை என்று பார்த்தாலே தெரிகிறது," என்றான் குமாஸ்தா. ஊ-வை ஒரு கோடு போட்டு அடித்தான். மேலே 'மிஸ்டர்' என்று எழுதினான். அந்நியர் என்ற கட்டத்தில் ஒரு குறி. ஏஜெண்டு என்ற இடத்தில் டோ மியாவின் பெயர்.

வெளியே வந்து மூச்சுவிட்டோம். தப்பித்தோமா, மாட்டிக்கொண்டோமா என்று தெரியவில்லை. சிரிப்பு நின்றதும் பயம் விட்ட இடத்துக்கே வந்து உட்கார்ந்துகொண்டது. முன்பு எங்களை அவர்களுக்குத் தெரியாது. இப்போது தெரியும். அவ்வளவுதான் வித்தியாசம்.

7

வீட்டில் முட்டைக் கதையைச் சொல்லி அக்காவைச் சிரிக்கவைத்தேன். ரோஸி சிரிக்கவில்லை.

"அப்ப அப்பா ஊ இல்லையா?"

"ஊ வேற, உ வேற. இது தாத்தா பேரு," என்று தொடங்கினேன்.

"பள்ளிக்கூடத்துல அப்பா பேர நான் ஊ சவரிமுத்துன்னுதான் எழுதறேன். எல்லா அப்பாவும் ஊதான். ஊ போடாட்டி சட்ட போடாத மாதிரி இருக்கும்."

அத்தான் அவளைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டார். மறுநாள் கடைக்குப் புது ஸ்டாம்பு செய்தார். புள்ளியை வழக்கத்தைவிடப் பெரிதாக வைத்தார். அது இப்போது U-வை விட முன்னால் கண்ணில் படுகிறது.

டோ மியா மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. ரிஜிஸ்தரில் என்ன எழுதியிருந்தாலும் படிக்குக் கீழே நின்று தெரு முழுக்கக் கேட்கும்படி 'ஊ சவரிமுத்து' என்றுதான் கூப்பிட்டார். அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே அத்தான் உறைந்துபோவதைப் பார்த்துவிட்டு அக்காதான் அந்த ஏற்பாட்டைச் சொன்னாள். சும்மா வந்தால் கூவுங்கள், கேட்டதும் மூச்சு விட்டுக்கொள்கிறோம். ஒரு வருஷம் அது நன்றாகவே நடந்தது. 'நீ சாப்பிட்டே?' என்பது எங்களுக்கு 'இன்றைக்கு ஒன்றுமில்லை' என்று அர்த்தம். அது ரோஸிக்கும் தெரியும்.

8

இன்று அவர் கூவவில்லை.

சத்தம் திருப்பத்துக்கு வந்தது, நின்றது. மூச்சு வாங்குகிறார். மறுபடி ஏறுகிறார். நாலு பேரும் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

டோ மியா வாசலில் வந்து நின்றார். கையில் உறை இல்லை. பானைப் படம் போட்ட ஸ்டாம்பு இருந்தது, கைப்பிடி தனியாக, ரப்பர் தனியாக. வாய் கொள்ளாமல் வெற்றிலை. எங்களைப் பார்த்து என்னவோ சொல்ல முயன்று, முடியாமல், ஜன்னலைக் கையால் காட்டினார். அக்கா வழிவிட்டாள். துப்பிவிட்டு வந்து, வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"ஊ சவரிமுத்து! நீ சாப்பிட்டே?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவுக்குக் கோபம். "வாயில வெத்தல இருந்தா படியேறாதீங்க! எங்க உயிரு போயிட்டு வருது!"

டோ மியா சுற்றிப் பார்த்தார். மேஜையில் அடுக்கிய புத்தகங்கள். தணித்த அடுப்பு. ஞாயிற்றுக்கிழமையில் சப்பாத்து போட்ட ரோஸி. எல்லாம் புரிந்துவிட்டது. நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார்.

"கூப்பிடாம வர்றது நல்லா இல்ல," என்றார். "காயிதம் வந்தாலும் நான் கூப்பிடறேன்."

"அப்ப எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று ரோஸி கேட்டாள்.

கொஞ்சம் யோசித்தார். "ஒண்ணுமில்லன்னா, 'நீ சாப்பிட்டே?'ன்னு கேக்கறேன். காயிதம்னா 'சாப்பிடு'ன்னு சொல்றேன். முதல்ல சாப்பிடு. அப்புறம் படி."

அத்தான் ஸ்டாம்பை வாங்கிப் பசை போட்டு ஒட்டிக் கொடுத்தார். கண் வாசலிலேயே இருந்ததில் பானை கொஞ்சம் சாய்ந்துவிட்டது. டோ மியா குத்திப் பார்த்து, தண்ணீர் ஊற்றுகிற பானை என்று மெச்சிக்கொண்டு இறங்கிப் போனார். புத்தகங்கள் பெட்டிக்குள் போயின. ரோஸி சப்பாத்தைக் கழற்றினாள். அடுப்பு மறுபடி எரிந்தது.

மதியம், பின்னறையிலிருந்து அக்கா வழக்கம்போலக் குரல் கொடுத்தாள்.

"சாப்பிட வாங்க!"

அத்தான் எழுந்து தகரப்பெட்டியிடம் போய்விட்டார்.